மணியின் வாயில் பஞ்சு

அத்தியாயம் பதினொன்று

இந்தக் காலத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். அதுதான் பெரியவருக்குப் பிடிக்கவில்லை.

முன்பெல்லாம் விசாரணை என்று வருகிறவன் முகத்தைப் பார்த்தாலே எதற்கு வந்திருக்கிறான் என்று தெரியும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவான். 'நீதானே செஞ்சே?' என்று ஒரே கேள்வி. இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். அதில் ஒரு நேர்மை இருந்தது. இப்போது அப்படியா? டீ வாங்கித் தருகிறார்கள். 'பதறாம சொல்லுங்க, நீங்க சொல்றது நாலு பேருக்கு உதவும்' என்கிறார்கள். கோழி பிடிக்க வருகிறவன் தானியத்தைத் தூவிக்கொண்டுதான் வருவான். கல்லெறிந்துகொண்டு வருகிறவனிடமிருந்தாவது கோழி தப்பிக்கும்.

இதைக் காலையிலிருந்து மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டார். காது கொடுக்கத்தான் ஆள் இல்லை.

மருமகள் சாப்பாட்டு மேசையில் போர்வையை மடித்துப் போட்டு, நர்ஸ் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இருபது நாளாக அவளை வார்டுப் பக்கம் விடுவதில்லை. கிடங்கில் உட்கார வைத்துப் படுக்கை விரிப்பு எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். விரிப்பு எண்ணுகிறவளுக்கு எதற்கு மடிப்புக் கலையாத சீருடை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் பதில் சொல்லியிருக்க மாட்டாள்.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக நாலு வரி.

நாலாம் வார்டில், மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம், குழாயில் வருகிற ஆக்சிஜனின் அழுத்தம் இறங்கியது. இறங்கினால் கத்துவதற்கென்றே சுவரில் ஒரு பெட்டி இருக்கிறது. அது கத்தத்தான் செய்தது. ஆனால் அதன் வாயில் பஞ்சு அடைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. சிவப்பு விளக்கும் எரிந்தது. அதை மறைத்துக்கொண்டு ஒரு கோப்பு அலமாரி நின்றது. பதினொரு நிமிஷம் யாரும் கவனிக்கவில்லை. ஆறாம் படுக்கைக்காரரின் உதடு நீலமாவதைப் பார்த்து, வார்டுப் பொறுப்பில் இருந்த மருமகள் ஓடிப்போய்த் தனி சிலிண்டரை உருட்டி வந்தாள். ஆறாம் படுக்கை பிழைத்தது. ஒன்பதாம் படுக்கையில் இருந்த தையல்காரர் பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரி தனக்குத் தானே ஒரு குழு போட்டுக்கொண்டது. நாலே நாளில் அறிக்கை வந்தது. வெள்ளையடித்தபோது உரிந்து விழுந்த பஞ்சை நாலு மாதத்துக்கு முன்னால் திரும்ப அடைத்தது இந்த நர்ஸ்தான். ஆகவே குற்றம் அவளுடையது. நர்ஸ் பதிவேட்டிலிருந்தே அவள் பெயரை எடுத்துவிடலாம் என்று சிபாரிசும் செய்தார்கள். மாதக் கடைசியில் முடிவு.

தையல்காரரின் தங்கை அத்துடன் விடவில்லை. 'பஞ்சு வச்ச கையைக் காட்டறீங்க, பஞ்சு வைக்க வேண்டி வந்தது ஏன்னு சொல்லுங்க' என்று மனுமேல் மனு போட்டாள். கடைசியில் சுகாதார அமைச்சர், புதுச் சட்டம் தனக்குக் கொடுத்த அதிகாரத்தை எடுத்து, வெளியாட்களை வைத்து விசாரிக்க உத்தரவு போட்டார். இன்றைக்கு மருமகளின் முறை.

"அப்பா, நீங்க நினைக்கிற மாதிரி விசாரணை இல்ல இது" என்றான் மகன். அவனுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் பூராவும் கண் பரிசோதித்துப் பரிசோதித்து, வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவான். "யாரைத் தண்டிக்கலாம்னு பார்க்க வரல. ஆபத்து எங்கே இருக்குன்னு பார்க்க வர்றாங்க. அவங்ககிட்ட சொன்னதை ஆஸ்பத்திரிக்கும் கொடுக்க மாட்டாங்க, போலீசுக்கும் கொடுக்க மாட்டாங்க. சட்டத்திலேயே எழுதியிருக்கு."

"மருந்துச் சீட்டுலயும்தான் எழுதியிருக்கு. எவனுக்குப் புரியுது?"

"நான் படிச்சேன் அப்பா."

"உன் கடையில சட்டம் படிக்கிற கண்ணாடி தனியா விக்கறீங்களா?"

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

மகன் அவள் பக்கம் திரும்பினான். சட்டத்தை அவ்வளவு நம்பினவன், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "இருந்தாலும் பஞ்சு விஷயம் வந்தா, ஞாபகம் இல்லன்னு சொல்லிடு. எதுக்கு வம்பு?"

"இப்பதானே தண்டிக்க மாட்டாங்கன்னு சொன்னீங்க?"

"அது சட்டம். நான் சொல்றது வாழ்க்கை."

"எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு" என்றாள் அவள். "அதுதான் தொல்லை."

பெரியவர் டம்ளரைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டார். அவருக்கும் எல்லாம் ஞாபகம் இருந்தது.

*

"எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்கணும். நானும் வர்றேன்" என்றார்.

மாத்திரை இன்னும் பன்னிரண்டு நாளைக்கு இருக்கிறது. டப்பாவில் போட்டு வைப்பதே மருமகள்தான். "சரி மாமா, வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கு. அதே ஆஸ்பத்திரிக்கு அதே பஸ்ஸில் முப்பத்திரண்டு வருஷம் போனவர். கேஸ் ரூம் என்று பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதில் இரண்டு வரிசை சிலிண்டர். அங்கிருந்துதான் எல்லா வார்டுக்கும் குழாய் போகும். ஒரு வரிசை ஓடும், இன்னொரு வரிசை தயாராக நிற்கும். முதல் வரிசை தீர்ந்தால் கையால் மாற்றிவிட வேண்டும். அதுதான் அவர் வேலை. நர்சுகளுக்கு அவர் பெயரே தெரியாது. 'காத்துக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாவது பாஸில்லை, ஏழாவதிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் குழாயில் காது வைத்தால் எந்த மூட்டு கசிகிறது என்று சொல்லிவிடுவார்.

"மாமா, ஒண்ணு சொல்றேன்" என்றாள் மருமகள், முன் இருக்கையைப் பார்த்துக்கொண்டே. "முதல்ல பஞ்சு வச்சது யாருன்னு கேட்டா, தெரியாதுன்னுதான் சொல்லப் போறேன். நான் சேர்ந்தப்பவே அது இருந்துதுன்னு. அது நிஜமும்தானே."

பெரியவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு யாரு சொன்னது?"

"நான் சேர்ந்த ரெண்டாம் நாளே பெரிய சிஸ்டர் சொன்னாங்க. 'அதைத் தொடாதே, காத்துக்காரர் வச்ச பஞ்சு, அவரு வந்து பிச்சுடுவாரு'ன்னு. உங்க மகனைக் கட்டிக்கிறதுக்கு ரெண்டு வருஷம் முந்தியே தெரியும்."

"ஏழு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். சொல்லலியே நீ."

"நீங்களும்தான் சொல்லல."



*

அவருக்கு இந்த அவநம்பிக்கை சும்மா வரவில்லை. லிஃப்ட்காரன் என்று அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தான். பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் வாய் வலிக்கச் சொல்லியும் யாரும் கேட்காமல், லிஃப்ட் ஒருநாள் நோயாளியோடு இரண்டு மாடி வழுக்கி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. விசாரணை வைத்தார்கள். 'நிஜத்தைச் சொன்னா ஒண்ணும் பண்ண மாட்டோம்' என்றார்கள். பாவி, சொன்னான். தானே கம்பியைக் கட்டி ஒப்பேற்றியதையும் சேர்த்துச் சொன்னான். அடுத்த மாதம் அவன் வேலையில் இல்லை. பிறகு ஒரு செருப்புக் கடை வாசலில் காவலுக்கு நின்றான். அவன் சொன்னது அத்தனையும் சரி என்று தெரிந்தும், அன்றைக்குப் பெரியவர் வாயைத் திறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டவருக்கு வேலை நிலைத்தது. அதிலிருந்து அவர் கற்றுக்கொண்ட பாடம் இவ்வளவுதான்: சொல்கிறவன் போவான், சும்மா இருக்கிறவன் இருப்பான்.

மருமகளை இரண்டாம் மாடியில், விசாரணைக்கு ஒதுக்கியிருந்த நூலக அறை வாசலில் விட்டுவிட்டு அவர் நேராகப் பின்பக்கம் நடந்தார். மாத்திரை கொடுக்கிற ஜன்னல் முன்பக்கம் இருந்தது.

தகரக் கொட்டகைக்குப் புதுப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். உள்ளே, இப்போது அவர் வேலையைப் பார்க்கிற ஒப்பந்தக்காரனின் ஆள். நாற்பது வயது இருக்கும். தொப்பையும் கழுத்தில் துண்டுமாக நாற்காலியில் இருந்தான்.

"யாரு பெரியவரே? இங்க வரக்கூடாது."

"முப்பத்திரண்டு வருஷம் வந்தேன். யாரும் சொல்லல."

"ஓ, அந்தக் காத்துக்காரரா!" அவன் எழுந்தே விட்டான். "உங்க கையெழுத்து இன்னும் சுவத்துல இருக்கு. பெயிண்ட் அடிக்கிறப்ப அந்த மூலையை விட்டுட்டாங்க."

பெரியவர் பார்த்தார். அவர் கரியால் எழுதிய எண்கள். வார்டு வார்டாக டெலிபோன் எண். அதன் கீழே வரிசையாக நாலு, நாலு, நாலு என்று.

"இது என்ன கணக்குன்னு தெரியுமா உனக்கு?"

"உங்க பழைய பாக்கி ஏதாவது இருக்கும்னு நினைச்சேன்."

"வரிசை மாத்தறப்ப வார்டுக்குப் போன் பண்றியா?"

"எந்த வார்டுக்கு? எதுக்கு?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். பெரியவருக்கு அதுதான் தாங்கவில்லை.

விஷயம் இதுதான். வரிசை மாற்றுகிற நேரத்தில் அழுத்தம் ஒரு நொடி இறங்கி ஏறும். அந்த ஒரு நொடிக்கே வார்டில் இருக்கிற பெட்டிகள் எல்லாம் ஒப்பாரி வைக்கும். தினமும் ஒரு தடவை, சில நாள் இரண்டு. நோயாளிகள் தூக்கிவாரிப் போட்டு எழுவார்கள், நர்சுகள் ஓடுவார்கள், ஒன்றும் இருக்காது. ஒரு நொடி இறக்கத்துக்குக் கத்தாமல் பொறுத்திருக்க ஒரு சின்ன உதிரிப்பாகம் போதும். கேட்டார். வரவில்லை. மறுபடி கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார். பிறகுதான், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏணியைப் போட்டு ஒவ்வொரு பெட்டியின் வாயிலும் பஞ்சை அடைத்தார்.

அடைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மணிக்குப் பதிலாகத் தன் குரலை வைத்தார். மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு வார்டுக்கும் போன்: "மாத்தறேன்." மாற்றிய பின் இன்னொரு போன்: "மாத்திட்டேன். முள் பாருங்க." நர்ஸ் பெட்டிக்குப் போய் அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்து "நாலு" என்பாள். சுவரில் நாலு என்று எழுதிக்கொள்வார். எங்காவது மூன்று என்று வந்தால் அரை நிமிஷத்தில் வால்வில் அவர் கை இருக்கும். பன்னிரண்டில் ஆறு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு உதடு நீலமானதில்லை.

பிறகு அவர் ஓய்வு பெற்றார். பஞ்சு வார்டிலேயே இருந்தது. போன் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

"போன் நின்னு போனதும் நர்சுங்க கேக்கலியா?" என்றான் ஒப்பந்த ஆள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

"புது மெஷின் வந்துருச்சுன்னு நினைச்சாங்களாம்."

"நான் வார்டுல மணி அடிக்கும்னு நினைச்சேன். அன்னைக்கு அந்த மத்தியானம் மாத்தினேன் பெரியவரே. நாலாம் வார்டுக்குப் போற வால்வு பாதிதான் திறந்துச்சு போல. மணி அடிச்சா யாராவது கூப்பிடுவாங்கன்னு…" துண்டால் முகத்தைத் துடைத்தான். "நீங்க போறப்ப ஒரு வார்த்தை யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

பெரியவர் வெளியே வந்தார். வெயில் சுட்டது.

சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டிருந்தால்கூட மனசு ஆறும். அவர் மறக்கவில்லை. கடைசி நாளன்று ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு டீயும் கொடுத்துக் கை குலுக்கினார்கள். 'இந்தக் கொட்டகையை எப்படி ஓட்டினே?' என்று ஒருத்தன், ஒரே ஒருத்தன், கேட்கவில்லை. கேட்காதவனுக்கு என்ன சொல்வது என்று இவரும் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். நான் இல்லாமல் பத்து நாள் தவிக்கட்டும், வீட்டுக்கு ஆள் அனுப்பட்டும், அப்போது தெரியட்டும் என் அருமை.

ஆள் வரவில்லை. ஆறு வருஷம் கழித்துத் தையல்காரரின் சாவு வந்தது.

*

இரண்டாம் மாடி நடையில் நிர்வாக அதிகாரி எதிரே வந்தார். பெரியவர் வேலையில் இருந்தபோது இவர் குமாஸ்தா. இப்போது தனி அறை, தனி மின்விசிறி.

"அடடே, காத்துக்காரரா! உடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கு."

"மருமக விஷயம் கேள்விப்பட்டிருப்பீங்க. நல்ல பொண்ணு. பஞ்சை நான்தான் வச்சேன்னு தானே ஒத்துக்கிட்டா. இந்த வெளியாட்கள் வந்து சும்மா கிளறாம போனாங்கன்னா, நாங்க பார்த்து ஏதாவது சின்னதா முடிச்சு விடுவோம்." தோளைத் தொட்டார். "நீங்க ஓய்வா இருங்க. பழசை எல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?"

இவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பெரியவர் அந்தக் கை தன் தோளிலிருந்து தானாக இறங்குகிற வரை காத்திருந்தார். அப்போதுதான் நூலகக் கதவு திறந்து மருமகள் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. சீருடையில் மட்டும் ஒரு மடிப்பு கலையவில்லை.

"என்னம்மா கேட்டாங்க?"

"எல்லாம். முதல்ல வச்சது யாருன்னும் கேட்டாங்க."

"நீ?"

"தெரியாதுன்னேன். அவங்க நம்பல மாமா. எழுதிக்கிட்டாங்க, ஆனா நம்பல. நான் எதையோ மறைக்கிறேன்னு இப்ப அந்த அம்மா முகத்துலயே தெரியுது."

பெரியவருக்கு லிஃப்ட்காரன் ஞாபகம் வந்தான். சும்மா இருக்கிறவன் இருப்பான். ஆனால் இந்தத் தடவை, அவர் சும்மா இருந்தால் போகப் போவது அவர் இல்லை.

சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். தட்டாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

*

விசாரிக்க வந்திருந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மேசையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில், ஒரு நோட்டு. ஆச்சரியம், அவள் சிரிக்கவில்லை. டீயும் இல்லை.

"நீங்க பட்டியல்ல இல்லியே?"

"பஞ்சு வச்சது நான்."

அவள் பேனாவை எடுக்கவில்லை. "உட்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தார். சொன்னார். பெட்டி, ஒப்பாரி, மூன்று தடவை கேட்டும் வராத உதிரிப்பாகம், பஞ்சு, போன், முள், நாலு. கேட்கிறவள் இடையில் ஒரே ஒரு தடவைதான் குறுக்கிட்டாள்.

"நீங்க போன பிறகு அந்தப் போனை யாரும் பண்ணாததுக்கு என்ன காரணம்?"

இது ஒன்றைத்தான் அவர் சொல்வதாக இல்லை. 'யாருக்கும் தெரியாது' என்று நிறுத்திக்கொள்ளலாம் என்று படியேறும்போதே முடிவு செய்திருந்தார். வாய் வேறு மாதிரி போயிற்று.

"நான் சொல்லல. வேணும்னேதான் சொல்லல. என்னைத் தேடி வரட்டும்னு இருந்தேன்."



"இதையும் எழுதிக்கோ. என் மருமக மேல ஒண்ணும் இல்ல. விழுந்ததை எடுத்துப் பழையபடி வச்சா. அது பழையபடி இல்லன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? பாதியை நான் எடுத்துட்டுப் போயிட்டேனே."

அவள் இப்போதுதான் எழுதினாள். எழுதி முடித்துவிட்டுச் சொன்னாள்: "அமைச்சர் உத்தரவு இந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு மட்டும் இல்ல பெரியவரே. இதே பெட்டி இருக்கிற எல்லா இடத்தையும் பார்க்கச் சொல்லியிருக்கு. இதுவரைக்கும் பதினாலு ஆஸ்பத்திரி பார்த்தாச்சு. ஒன்பதுல பெட்டி வாய் அடைச்சிருக்கு. பஞ்சு, துணி, சோப்பு. ஒரு இடத்துல சூயிங்கம். நீங்க ஒருத்தர்தான்னு நினைச்சீங்களா?"

அப்படித்தான் நினைத்திருந்தார். பன்னிரண்டு வருஷமாக அது தன் சொந்தப் பாவம், தன் சொந்தச் சாமர்த்தியம் என்று இருந்தவருக்கு, ஊர்ப்பட்ட பேர் அதையே செய்திருக்கிறார்கள் என்று கேட்டதும் மனசு லேசானதா, மட்டம் தட்டப்பட்டதா என்று தெரியவில்லை.

"சோப்பு நிக்காது. கரைஞ்சிடும்" என்றார்.

"ஆமா. கரைஞ்சுதான் கிடந்தது." அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. உடனே நோட்டைத் திருப்பினாள். "அந்த உதிரிப்பாகம் மூணு தடவை கேட்டேன்னீங்க. அப்படி ஒரு கோரிக்கையே வந்ததில்லைன்னு நிர்வாகம் எழுத்துல கொடுத்திருக்கு. உங்ககிட்ட ஏதாவது காகிதம் இருக்கா?"



வீட்டில், அவர் கட்டிலுக்கு அடியில், ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் மூன்று கார்பன் நகல். ஒவ்வொன்றிலும் 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு கையெழுத்து. நீளமாக வாலை இழுத்துவிட்ட கையெழுத்து. அன்றைக்குக் குமாஸ்தாவாக இருந்து, இன்றைக்குத் தனி மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருக்கிற ஆளுடையது.

"இருந்தா?" என்றார்.

"கேட்டு வாங்க எனக்கு அதிகாரம் இருக்கு. அந்த உத்தரவுப்படி, தெரிஞ்சே மறைக்கிறது குற்றம்."

"பார்த்தியா, பல்லு வெளிய வந்துடுச்சு."

"பல்லு இல்லாம நிர்வாகத்துக்கிட்டேருந்து ஒரு காகிதம் வாங்க முடியுமா?" அவளுக்குக் கோபம் வரவில்லை. "ஆனா நீங்க சொன்னதை வச்சு உங்களையோ உங்க மருமகளையோ தண்டிக்க முடியாது. அறிக்கையில பேரும் வராது. அதுவும் அதே சட்டத்துலதான் இருக்கு. படிச்சுக் காட்டட்டுமா?"

"படிக்கிறது யாரு? நீ. எனக்கு ஏழாவது. அப்ப நான் நம்ப வேண்டியது சட்டத்தையா, உன்னையா?"

அவள் யோசித்தாள். யோசித்தது அவருக்குப் பிடித்திருந்தது. முன்னால் வந்தவர்கள் யாரும் யோசித்ததில்லை.

"இப்போதைக்கு என்னைத்தான்" என்றாள்.

"அதான் கஷ்டம்" என்று எழுந்தார். "லிஃப்ட்காரன்னு ஒருத்தன் இருந்தான். அவனும் ஒருத்தரை நம்பினான்."

"காகிதம் இருக்கா பெரியவரே?"

"தேடிப் பார்க்கணும்."

*

வெளியே மருமகள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். நடையின் அந்தக் கோடியில், தன் அறை வாசலில், நிர்வாக அதிகாரியும் நின்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"சொல்லிட்டீங்களா மாமா?"

"சொன்னேன். பஞ்சு என்னுதுன்னு. போனும் என்னுதுன்னு."

அவள் கண் நிறைந்தது. அதைத் துடைக்காமலே கேட்டாள். "அந்த மூணு சீட்டு? டப்பாவுல இருக்கிறது?"

அவர் திடுக்கிட்டார். பிறகு ஞாபகம் வந்தது, கட்டிலுக்கு அடியில் பெருக்குகிறவளும் இவள்தான்.

"அதைச் சொல்லல. பாதி சொல்லியிருக்கேன். அந்தப் பாதியை வச்சு அந்த அம்மா என்ன பண்றான்னு பார்ப்போம். நல்லபடியா பண்ணினா மீதியும் தரலாம்."

"மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் மாமா."

"எனக்கும் நாள் எண்ணத் தெரியும்."

"அன்னைக்கும் இப்படித்தான்" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "பாதியை வச்சிட்டுப் பாதியை வீட்டுக்கு எடுத்துட்டு வந்தீங்க."

பெரியவருக்கு வாய் வரை ஒரு பதில் வந்தது. அது எப்போதும் சொல்கிற பதில்: சிரிச்சுக்கிட்டே கேக்கிறவனை நம்பாதே. ஆனால் அந்த அம்மாள் சிரிக்கவில்லையே. சிரிக்காதவளை என்ன செய்வது என்று அந்தப் பதிலில் இல்லை.

"மாத்திரை ஜன்னல் மூடிடுவாங்க" என்று முணுமுணுத்துவிட்டு, படிக்கட்டைப் பார்த்து நடந்தார். போகிற வழியில் நாலாம் வார்டு. கதவு திறந்திருந்தது. பஞ்சு எடுத்த பெட்டி வெறும் வாயோடு சுவரில் தொங்கியது. அவர் நிற்கவில்லை. நிற்காமலே, பழக்கதோஷத்தில், கண் மட்டும் முள்ளைப் பார்த்தது.

நாலு.

இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். இன்றைக்கு நாலு. நாளைக்கு எவன் பார்க்கப் போகிறான்?

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, திரும்பிப் பார்க்காமல் இறங்கினார்.